உண்ணிக் காய்ச்சல் என்பது ஒரு நோயின் பெயர் அல்ல: காப்பீட்டு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தலைவர், உறுப்பினர்கள், இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம், ஹைதராபாத், செல்லப்பிராணி பாலிசி விற்கும் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களின் பொறுப்பாளர்கள்.

மதிப்பிற்குரியீர்,

தெருவிலிருந்து மீட்கப்பட்டு ஒரு வீட்டில் சேர்ந்த நாய்க்கு கிளெய்ம் மறுக்கப்படும்போது வருகிற கடிதத்தில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கிறது. "நோய் பாலிசி தொடங்கும் முன்பே இருந்தது, எனவே தொகை வழங்க இயலாது." என்ன நோய், எந்தக் கிருமி, எந்தத் தேதியில் யார் கண்டறிந்தது, எந்தப் பரிசோதனையில் தெரிந்தது என்று ஒன்றும் இருப்பதில்லை. அந்த ஒற்றை வரியை ஏற்க முடியாது என்று சொல்லத்தான் இந்த மடல். தெருநாய்களைத் தூக்கி வந்து, குணப்படுத்தி, வீடு பார்த்துக் கொடுப்பவர்களும் அவற்றை வாங்கி வளர்ப்பவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். நிராகரிப்புக் கடிதங்களையும் கேஸ் ஷீட்டுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, மறுப்பதற்குச் சொல்லப்படும் காரணங்கள் மருத்துவத்துக்கே பொருந்தவில்லை என்பது தெரிகிறது. அதைத்தான் முதலில் விளக்க வேண்டும்.

அதிகமாக அடிபடுவது உண்ணிக் காய்ச்சல். தமிழ்நாட்டில் நாய்மேல் ஏறும் பழுப்பு உண்ணிக்கு மழை, வெயில் என்ற கணக்கில்லை. சுவர் விரிசலிலும் கட்டிலுக்கு அடியிலும் வருடம் முழுக்க உயிர் வாழும். அதனால் வருகிற எல்லா நோய்களையும் பேச்சில் நாம் "டிக் ஃபீவர்" என்கிறோம். ஆனால் அந்த ஒரு பெயருக்குள் குறைந்தது நான்கு நோய்கள் இருக்கின்றன. எர்லிக்கியா வெள்ளணுக்களுக்குள் புகும் பாக்டீரியா. அனாபிளாஸ்மா பிளாட்டிஸ், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டுகளைத் தாக்கும் இன்னொரு பாக்டீரியா. பபீசியா சிவப்பணுக்களை உடைக்கும் ஒட்டுண்ணி. ஹெப்பட்டோசூன், உண்ணி கடித்து வருவதே அல்ல. நாய் உண்ணியைக் கடித்து விழுங்குவதால் வருவது. மருந்தும் ஒன்றல்ல. எர்லிக்கியாவுக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் டாக்சிசைக்ளின், 28 நாள். பபீசியாவில் ஒரு வகையான கிப்சோனிக்கு அடோவாகுவோன் 8 மணி நேரத்துக்கு ஒரு முறை, கூடவே அசித்ரோமைசின் தினம் ஒரு வேளை, 10 நாள். எர்லிக்கியாவுக்குக் கொடுக்கிற மருந்து பபீசியாவைக் குணப்படுத்தாது.

இப்போது ஒரு நிராகரிப்பு எப்படி உருவாகிறது என்று பாருங்கள். மீட்ட நாய்க்கு வீடு பார்ப்பதற்கு முன் ரத்தப் பரிசோதனை செய்கிறோம். உண்ணி நோய்ப் பரிசோதனைக் கிட்டில் எர்லிக்கியா இருப்பதாகக் கோடு விழுகிறது. 28 நாள் மாத்திரை முடிகிறது, பிளேட்லெட் ஏறி இரண்டு லட்சத்தைத் தாண்டுகிறது, நாய் நன்றாகச் சாப்பிடுகிறது, புது வீட்டுக்குப் போகிறது. தடுப்பூசி அட்டையில் மருத்துவர் நேர்மையாக எழுதுகிறார்: "டிக் ஃபீவர் பாசிட்டிவ், டாக்சி கோர்ஸ் முடிந்தது." அதன்பின் பாலிசி போடப்படுகிறது. ஒரு வருடம் கழித்து நாய் திடீரெனச் சோர்ந்து படுக்கிறது. ஈறு வெளுத்து, சிறுநீர் காப்பி நிறத்தில் போகிறது. கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைப் பூசி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் ரத்தப் பூச்சில் சிவப்பணுவுக்குள் பபீசியா தெரிகிறது. ரத்தம் ஏற்றி, மருந்து கொடுத்து, நாலு நாள் ட்ரிப்ஸில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். கிளெய்ம் போகிறது. அட்டையில் "டிக் ஃபீவர்" என்ற சொல்லைப் பார்த்த அலுவலர் முன்பே இருந்த நோய் என்று எழுதி மூடிவிடுகிறார்.

இது வேறு உயிரினம், வேறு நோய், வேறு சிகிச்சை. டைபாய்டு வந்தவருக்குப் பிறகு மலேரியா வந்தால், இரண்டும் காய்ச்சல்தானே என்று யாரும் மறுக்க மாட்டார்கள்.

மறுபடி எர்லிக்கியாவே வந்தாலும் விஷயம் அவ்வளவு எளிதல்ல. கிட்டில் விழுகிற கோடு, கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியைக் காட்டுவது. கிருமி ஒழிந்த பிறகும் அது மாதக்கணக்கில், சில நாய்களில் வருடக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும். கோடு இருப்பதால் நோய் இருக்கிறது என்று ஆகாது. ஒரு காலத்தில் அந்தக் கிருமியைச் சந்தித்த உடம்பு என்றுதான் பொருள். ஒரு முறை வந்து போனதால் மறுபடி வராது என்ற பாதுகாப்பும் கிடையாது. புது உண்ணி கடித்தால் 8 முதல் 20 நாளுக்குள் புதுத் தொற்றாகவே வரும். எர்லிக்கியா அறிகுறியே இல்லாமல் உடம்பில் பதுங்கியிருக்கும் நிலையும் உண்டு என்று நிறுவனங்களின் மருத்துவர்கள் சொல்வது உண்மைதான். அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் பதுங்கியிருக்கிறதா, போய்விட்டதா என்று அறிய வழி இருக்கிறது. சிகிச்சை முடிந்து சில வாரம் கழித்து எடுத்த, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனை நெகட்டிவ், பிளேட்லெட் இயல்பு என்றால் அந்தக் கிருமியின் கணக்கை அங்கே முடிக்க வேண்டும். அந்தப் பரிசோதனையைக் கேட்காமல் பாலிசியை விற்றுவிட்டு, கிளெய்ம் வந்த பிறகு பழைய கோட்டைத் தேடிப்போவது நியாயமில்லை.

பிளேட்லெட் எண்ணிக்கையிலேயே ஒரு பொறி இருக்கிறது. ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுத்ததும் மெதுவாகக் கவிழ்த்துக் கலக்காவிட்டாலோ, ஊசி ஏறச் சிரமப்பட்டு மெல்ல மெல்ல இழுத்தாலோ, பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மெஷின் அந்தக் கட்டிகளை எண்ணாது. எழுபதாயிரம் என்று தாளில் அடித்துத் தரும். கண்ணாடித் தகட்டில் பூச்சு எடுத்துப் பார்த்தால் ஓரத்தில் கொத்துக் கொத்தாகக் கிடக்கும். உண்மையில் நாய்க்கு ஒரு குறையும் இல்லை. மருத்துவருக்கு இது அன்றாடம். ஆனால் அந்தத் தாளை மட்டும் பார்க்கிறவருக்கு அது "பாலிசிக்கு முந்தைய ரத்தக் கோளாறு" ஆகிவிடுகிறது.

அடுத்தது கட்டி. தெருவில் இனச்சேர்க்கையால் பரவும் வெனரியல் ட்யூமர், மீட்கும் நாய்களில் சாதாரணமாகப் பார்ப்பது. பிறப்புறுப்பில் பூக்கோசு போல வளர்ந்து ரத்தம் சொட்டும். பார்க்கப் பயமாக இருந்தாலும் நன்றாகக் குணமாகிற புற்றுநோய்களில் ஒன்று. வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசி நரம்பில், நாலு முதல் ஆறு வாரம். பெரும்பாலான நாய்களில் முழுவதும் மறைந்துவிடும், திரும்புவது அரிது. இந்தக் கட்டியில் மற்ற புற்றுநோய்களில் இல்லாத ஒரு விசேஷம் உண்டு. அதன் செல்கள் அந்த நாயின் செல்களே அல்ல. நாயின் செல்லில் 78 குரோமோசோம்கள். இந்தக் கட்டியின் செல்லில் பொதுவாக 57 முதல் 64 வரைதான். வேறொரு நாயிடமிருந்து வந்து ஒட்டி வளர்ந்தவை அவை. ஆகவே இது அந்த நாயின் உடம்புக்குப் புற்றுநோய் வரும் தன்மை இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது. அப்படியிருந்தும் ஐந்து வருடம் கழித்து மார்பிலோ தோலிலோ வேறு கட்டி வந்தால், "முன்பே புற்றுநோய் வரலாறு" என்று மறுப்பு வருகிறது.

சொறியும் இப்படித்தான். டெமொடெக்ஸ் பூச்சியால் முடி கொட்டி வந்த நாய், மாத்திரையில் குணமாகி, சுரண்டிப் பார்த்தும் பூச்சி தெரியாமல், பன்னிரண்டு மாதம் திரும்பாமல் இருந்தால் குணமானதாகவே தோல் மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பாலிசியோ அதன் வாழ்நாள் முழுவதற்கும் "தோல் நோய்கள்" என்ற மொத்தப் பகுதியையும் விலக்கிவிடுகிறது. காது சீழும், உணவு ஒவ்வாமையும், நாய் ஈ கடித்த புண்ணும் எல்லாம் அதில் அடங்கிப் போகின்றன.

எலும்பு விஷயத்தில் எங்கள் நிலை வேறு. வண்டியில் அடிபட்டு இடுப்பெலும்பு கோணலாகக் கூடிய நாய்க்கு அதே இடுப்பில் பின்னாளில் மூட்டுவாதம் வரலாம். அது முன்பே இருந்ததன் தொடர்ச்சி. அதை விலக்கினால் நாங்கள் கேள்வி கேட்க மாட்டோம். ஆனால் அதே நாய் ஆட்டோவில் அடிபட்டு முன்னங்கால் முறிந்தால் அது புது விபத்து. பழைய எக்ஸ்ரேயில் இடுப்பைக் காட்டி முன்னங்காலுக்கு மறுக்க எந்த மருத்துவக் காரணமும் இல்லை.

வயதையும் சொல்ல வேண்டும். தெருநாய்க்குப் பிறந்த தேதி கிடையாது. ஏழு மாதத்துக்குள் 42 நிலைப்பற்களும் முளைத்துவிடும். அதுவரை வயதை ஓரளவு துல்லியமாகச் சொல்லலாம். அதன்பிறகு முன்பல் தேய்மானத்தைப் பார்த்து மதிப்பிடுவதுதான். எலும்பும் கல்லும் கடித்து வளர்ந்த நாயின் பல் வீட்டில் வளர்ந்த நாயின் பல்லைவிடச் சீக்கிரம் தேயும். ஒரு மருத்துவர் மூன்று வயது என்பார், மற்றவர் ஐந்து என்பார். இருவர் சொல்வதும் அவரவர் அளவில் சரியே. இந்த வேறுபாட்டை "வயது மறைப்பு" என்று கொண்டு பாலிசியையே செல்லாததாக்குவது பெரிய அநியாயம்.

இவை எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான். மாட்டுக்குக் காப்பீடு எடுக்கும்போது கால்நடை மருத்துவர் கொட்டகைக்கு வந்து மாட்டைப் பார்க்கிறார். பல் பார்த்து வயது எழுதுகிறார், மதிப்பு எழுதுகிறார், காது வில்லை போடுகிறார், நலச்சான்று தருகிறார். அதற்குப் பிறகுதான் பாலிசி. நம் கிராமங்களில் பல பத்தாண்டுகளாக நடக்கிற முறை இது. நாய்க்கோ, ஃபோட்டோவும் தடுப்பூசி அட்டையும் ஏற்றினால் செல்போனிலேயே பாலிசி வந்துவிடுகிறது. தொடக்கத்தில் யாரும் நாயைத் தொட்டுப் பார்ப்பதில்லை. பிரீமியம் வாங்கும் வரை எந்தக் கேள்வியும் இல்லை. கிளெய்ம் வந்த அன்றுதான் விசாரணை தொடங்குகிறது. தொடக்கத்தில் செய்ய வேண்டிய வேலையைக் கடைசியில் செய்வதால்தான் பழைய அட்டையில் ஒவ்வொரு சொல்லும் ஆயுதமாகிறது.

இதனால் நடக்கிற கெடுதல் காப்பீட்டோடு நிற்பதில்லை. பரிசோதித்தால் எழுத்தில் வரும், எழுத்தில் வந்தால் பாலிசியில் விலக்கு வரும் என்று தெரிந்த பிறகு, வீட்டுக்கு நாயை அழைத்துப் போகிறவர்களில் சிலர் "டெஸ்ட் எதுவும் இப்போது வேண்டாம்" என்கிறார்கள். மருத்துவரிடம் "அட்டையில் எழுதாதீர்கள்" என்று கேட்கிறவர்களும் உண்டு. கிருமியைச் சுமந்தபடி ஒரு நாய், ஏற்கெனவே வேறு நாய் இருக்கும் வீட்டுக்குள் போகிறது. அந்த வீட்டு உண்ணிகள் இரண்டையும் கடிக்கின்றன. நேர்மையாகப் பரிசோதித்தவருக்குத் தண்டனை, பார்க்காமல் விட்டவருக்குப் பாதுகாப்பு என்ற நிலைமையை உங்கள் விலக்குப் பிரிவுதான் உண்டாக்கியிருக்கிறது.

நிறுவனங்களின் அச்சம் எங்களுக்குப் புரியாமல் இல்லை. நாய்க்கு நோய் வந்த பிறகு அவசரமாகப் பாலிசி எடுத்து, மறுநாளே கிளெய்ம் போட்டால் எந்தக் காப்பீடும் நிலைக்காது. அதற்குத்தான், பாலிசி எடுத்த முதல் சில நாட்களுக்குக் கிளெய்ம் தராத காத்திருப்புக் காலம் இருக்கிறது. நாய்களைத் தாக்கும் வைரஸ் நோய்களில் பார்வோ அறிகுறி பொதுவாக ஒரு வாரத்துக்குள், டிஸ்டெம்பர் ஒன்றிரண்டு வாரத்தில் வெளிப்பட்டுவிடும். முப்பது நாள் காத்திருப்பே இவற்றுக்குப் போதும். காத்திருப்பும் வேண்டும், அதற்கு மேல் முடிவே இல்லாத விலக்கும் வேண்டும் என்றால் பிரீமியம் எதற்காக வாங்கப்படுகிறது?

ஆணையத்துக்கு இது புதிய கேள்வியும் அல்ல. மனிதருக்கான மருத்துவக் காப்பீட்டில், முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்பை 2024 விதிமுறைகளில் நீங்களே 48 மாதத்திலிருந்து 36 மாதமாகக் குறைத்தீர்கள். பாலிசிக்கு முந்தைய 36 மாதத்தில் கண்டறிந்ததோ சிகிச்சை பெற்றதோ மட்டுமே முன்பே இருந்த நோய் என்று வரையறுத்தீர்கள். 60 மாதம் தொடர்ந்து பிரீமியம் கட்டியவரிடம், மோசடி தவிர வேறு காரணத்துக்காகப் பழைய வரலாற்றைத் தோண்டக் கூடாது என்றீர்கள். செல்லப்பிராணி பாலிசிக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வருடம் வாழ்கிற உயிருக்கு ஆயுள் முழுக்க விலக்கு என்பது, எண்பது வருடம் வாழ்கிறவருக்கு 36 மாதம் என்பதோடு எப்படிப் பொருந்தும்?

அமெரிக்காவில் மாநிலக் காப்பீட்டு ஆணையர்களின் தேசியச் சங்கம் 2022இல் செல்லப்பிராணிக் காப்பீட்டுக்கென்றே ஒரு மாதிரிச் சட்டம் கொண்டுவந்தது. முன்பே இருந்த நோய் என்று மறுத்தால் அதை நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது என்கிறது அது. நோய்க்கான காத்திருப்பு 30 நாளைத் தாண்டக் கூடாது, விபத்துக்குக் காத்திருப்பே கூடாது, மருத்துவப் பரிசோதனை முடித்துக் கொடுத்தால் காத்திருப்பைத் தள்ளுபடி செய்ய வழி வேண்டும், ஒரு பாலிசியில் காப்பு கொடுத்த நோயைப் புதுப்பிக்கும்போது முன்பே இருந்ததாகக் கொள்ளக் கூடாது என்றும் சொல்கிறது. அங்கேயும் பிரிட்டனிலும் குணமான நோய்க்கு அறிகுறியற்ற காலக்கெடு வைத்து, அது கடந்ததும் மீண்டும் காப்பு கொடுக்கும் பாலிசிகள் விற்கப்படுகின்றன. இங்கேயும் விலக்கு பொருந்துகிறது என்பதை நிறுவனமே நிரூபிக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொன்ன கொள்கைதான்.

மறுப்பு வந்த பிறகு நிறுவனத்திடம் முறையிடலாம், ஒரு மாதம் காத்திருந்து காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று உங்கள் அலுவலகம் பதில் எழுதக்கூடும். அந்த வழிகளை நாங்கள் பயன்படுத்தத்தான் செய்கிறோம். ஆனால் ஒவ்வொரு நாய்க்கும் ஒரு வழக்கு என்று போக வேண்டியிருப்பதே விதியில் குறை இருப்பதற்கு அடையாளம்.

ஆகவே, நாங்கள் கேட்பவை இவை.

பாலிசி தொடங்கும்போது ஒரு நுழைவுப் பரிசோதனை வேண்டும். ஒரு பக்கப் படிவம், தமிழிலும் மற்ற மாநில மொழிகளிலும், எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக. 15 இலக்க மைக்ரோசிப் எண், எடை, பல்லைப் பார்த்த வயது, அதையும் "3 முதல் 5" என்று வரம்பாக, கருத்தடை செய்ததற்கு அடையாளமாகக் காதில் போடும் வெட்டு உண்டா, பிறப்புறுப்பு, தோல், கண், காது, நடை, இடுப்பு, முழங்கால், ரத்த எண்ணிக்கை, பிளேட்லெட் குறைந்தால் கட்டாயம் பூச்சு, உண்ணி நோய் கிட், கோடு விழுந்தால் பிசிஆர், நொண்டினால் எக்ஸ்ரே. பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் கையெழுத்திட்டால் போதும். செலவை வளர்ப்பவர் ஏற்கத் தயார். அந்தப் படிவத்தில் இல்லாத ஒன்றை, மோசடி நிரூபணமானால் தவிர, பிற்பாடு முன்பே இருந்தது என்று சொல்லக் கூடாது.

பாலிசிக்கு விண்ணப்பிக்கும் முன்மொழிவுப் படிவத்தில் பழைய நோய் பற்றிய ஒவ்வொரு கேள்விக்கும் "ஆம்", "இல்லை" என்பவற்றோடு "தெரியாது" என்ற மூன்றாவது கட்டமும் வேண்டும். தெருவில் அந்த நாய்க்கு என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாது. "இல்லை" என்று டிக் அடிக்க வைத்துவிட்டு, பிறகு மறைத்தார்கள் என்று குற்றம் சாட்டக் கூடாது.

குணமாகும் நோய்களையும் குணமாகாத நோய்களையும் பிரித்து ஆணையமே பட்டியல் வெளியிட வேண்டும். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகங்களிடம் கேட்டுத் தயாரிக்கலாம். சென்னையில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமே இருக்கிறது. உண்ணி வழி நோய்கள், சொறி, பார்வோ, வெனரியல் ட்யூமர், குடற்புழு, காதுத் தொற்று ஆகியவை முதல் பட்டியலில் வர வேண்டும். அவற்றுக்கு 12 மாதம் அறிகுறியும் சிகிச்சையும் இல்லாமல் கடந்தால் விலக்கு தானாக நீங்க வேண்டும். இதய நோய், சிறுநீரகச் செயலிழப்பு, சர்க்கரை, கோணலாகக் கூடிய எலும்பு ஆகியவற்றுக்கு விலக்கோ கூடுதல் பிரீமியமோ வையுங்கள். அந்த விலக்கு அந்த உறுப்போடு நிற்க வேண்டும்.

"தோல் நோய்கள்", "டிக் ஃபீவர்", "புற்றுநோய் வரலாறு" போன்ற மொத்தச் சொற்களை விலக்குப் பிரிவில் தடை செய்ய வேண்டும். கிருமியின் பெயர் அல்லது கண்டறிந்த நோயின் பெயர் இருந்தால் மட்டுமே விலக்கு செல்லும்.

நிராகரிப்புக் கடிதத்தில் நான்கு விவரங்கள் கட்டாயமாக வேண்டும்: எந்த நோய், அது எந்தத் தேதியிட்ட எந்த ஆவணத்தில் இருக்கிறது, இப்போதைய நோயும் அதுவும் ஒன்றே என்பதற்கு மருத்துவக் காரணம், அந்தக் கருத்தைத் தந்த கால்நடை மருத்துவரின் பதிவு எண். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அந்த நிராகரிப்பு செல்லாது என்று அறிவியுங்கள்.

ஒரு வருடம் காப்பு கொடுத்த நோய்க்கு, புதுப்பிக்கும் நாளில் புதிதாக விலக்கு சேர்க்கக் கூடாது.

கடைசியாக, செல்லப்பிராணி பாலிசிகளில் வந்த கிளெய்ம்கள் எத்தனை, அவற்றில் முன்பே இருந்த நோய் என்று மறுத்தவை எத்தனை என்ற கணக்கை நிறுவனவாரியாக ஆண்டுதோறும் வெளியிடும்படி உத்தரவிட வேண்டும். இந்த மடலுக்கு எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறோம். நுழைவுப் பரிசோதனைப் படிவத்தின் மாதிரியை நாங்களே தயாரித்து வைத்திருக்கிறோம். எந்த நாளில் கேட்டாலும் கால்நடை மருத்துவர்களோடு வந்து விளக்கத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தெருநாய்களை மீட்டு வீடு சேர்ப்பவர்களும் அவற்றை வளர்ப்பவர்களும்,
சென்னை